தைல டப்பாவுக்கு ஒரு வயசு வரம்பு

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பேரன் பேத்திகளை வளர்க்கும் ஆச்சிமார்களுக்கும் பாட்டிமார்களுக்கும்,



இந்த மடலை உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன். காலையில் அவர்கள் ரயிலைப் பிடிக்க ஓடிய பிறகு, குழந்தைக்கு மூக்கு ஒழுகினாலும் வயிறு பொருமினாலும் முடிவு எடுப்பவர் நீங்கள்தான். மகளின் பிரசவத்துக்காக நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறி வந்து, பேரனை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர். செம்பூரில் ஒரு மருந்துக் கடை கவுண்டரில் வெகுகாலம் நின்றவள் நான். டாக்டர் சீட்டோடு வருகிறவர்களுக்குச் சமமாக, சீட்டே இல்லாமல் ஒரு தைலம், ஒரு க்ரைப் வாட்டர் என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். யாருக்கு என்று கேட்டால், "சின்னவனுக்குத்தாம்மா, ராத்திரியெல்லாம் சளி" என்பீர்கள். சின்னவனுக்கு என்ன வயசு என்பதுதான் என் அடுத்த கேள்வியாக இருக்கும். அந்தக் கேள்வியைப் பற்றியதுதான் இந்த மடல்.

இந்தத் தைலங்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. இவற்றில் ஒன்று இந்த ஊரிலேயே பிறந்தது. கிருஷ்ணா மாவட்டத்துத் தெலுங்கரான காசிநாதுனி நாகேஸ்வர ராவ், சென்னையில் படித்து, கல்கத்தாவில் மருந்து வியாபாரம் கற்று, பிழைப்புக்காகப் பம்பாய் வந்தவர். 1893-ல் இங்கேதான் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். கச்சேரி நடக்கும் இடங்களில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார் என்பது அந்த நிறுவனத்தின் வரலாற்றில் எப்போதும் சொல்லப்படும் செய்தி. மூன்று ஆண்டு கழித்து, 1896-ல், பம்பாயைப் பிளேக் பிடித்தது. மாண்ட்வியில் தொடங்கிய நோய் ஏறத்தாழ பாதி ஊரைக் காலி செய்தது. நெஞ்சுச் சளிக்கும் தலைவலிக்கும் சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையில் ஒரு டப்பா கிடைப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எண்ணிப் பாருங்கள். தைலத்தில் வந்த பணத்தைத்தான் நாகேஸ்வர ராவ் 1908-ல் பம்பாயிலேயே ஆந்திர பத்திரிகா என்ற தெலுங்கு வார இதழாக ஆக்கினார். 1914-ல் பத்திரிகை சென்னைக்குப் போய் நாளேடாயிற்று. அவரும் மயிலாப்பூர்க்காரர் ஆனார். லஸ்ஸில் நீங்கள் நடைபயிற்சி போயிருக்கக்கூடிய நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில் இருப்பதுதான். காங்கிரஸ், காதி, நூலக இயக்கம் என்று அவர் கை வைக்காத பொதுக்காரியம் குறைவு. ஒரு தலைவலித் தைலம் ஒரு மொழியின் இதழியலுக்கே சோறு போட்டது. இதைப் பம்பாய்த் தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பம்பாயிலேயே 1910-ல் ஜண்டு நிறுவனம் வந்தது. கற்பூரமும் ஓமப்பூவும் புதினாப்பூவும் சேர்த்தால் மூன்றும் தாமாக உருகித் தண்ணீராகும். அதை அமிர்ததாரா என்ற பெயரில் லாகூரிலிருந்து ஒருவர் நாடெங்கும் விற்றார். அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் லன்ஸ்ஃபோர்டு ரிச்சர்ட்சன் என்ற மருந்துக்கடைக்காரர் விக்ஸைச் செய்தார். பெயரும் ஊரும் வேறானாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறத்தாழ ஒன்றுதான்: கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ். வலித் தைலங்களில் இவற்றோடு விண்டர்கிரீன் எண்ணெய் என்கிற கந்தபூரத் தைலமும் சேரும்.

இவை வேலை செய்கின்றனவா? செய்கின்றன. ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. நம் தோலிலும் மூக்கின் உள்பக்கத்திலும் குளிர்ச்சியை அறியும் நரம்பு முனைகள் உண்டு. மெந்தால் அவற்றைத் தட்டி எழுப்புகிறது. மூக்கடைப்பு இருந்தபடியே இருக்கும், ஆனால் காற்று தாராளமாகப் போவதுபோல் மூளைக்குத் தோன்றும். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ரான் எக்லெஸ் என்பவர் ஜலதோஷத்தையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டு இதை அளந்து காட்டினார். அந்தத் தோற்றமே தூங்க வைக்கும் என்றால் அதுவும் நல்லதுதானே? 2010-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2 வயது முதல் 11 வயது வரை உள்ள 138 குழந்தைகளிடம் சோதித்தார்கள். சிலருக்கு விக்ஸ் போன்ற தைலம், சிலருக்கு வெறும் வாசலின், சிலருக்கு எதுவும் இல்லை. தைலம் தேய்த்த குழந்தைகள் அன்றிரவு நன்றாகத் தூங்கினார்கள், பெற்றோரும் தூங்கினார்கள். ஆகவே ஆறு வயதுப் பேத்தியின் நெஞ்சிலும் முதுகிலும் நீங்கள் தேய்ப்பதில் ஒரு தவறும் இல்லை. உங்கள் கையின் சூடும் அதில் சேர்ந்திருக்கிறது. நான் அதைத் தடுக்க வரவில்லை.

அந்தச் சோதனை எந்த வயதில் தொடங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டு வயது. விக்ஸைத் தயாரிப்பவர்களே இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் குறுகலானது. கற்பூர நெடி பட்டால் உள்ளே சளி கூடுதலாகச் சுரக்கும். பெரியவர்களுக்கு அது பொருட்டில்லை, அவ்வளவு சிறிய குழாயில் அந்தக் கொஞ்சம் சளியே அடைத்துவிடும். பதினெட்டு மாதக் குழந்தை ஒன்றின் மூக்கடியில் தடவியதும் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்ததைக் கண்டு, வடக்குக் கரோலினாவின் டாக்டர்கள் ஃபெரட் என்ற சிறு விலங்குகளிடம் சோதித்து 2009-ல் இதை வெளியிட்டார்கள். மூக்குத் துவாரத்தின் அடியிலும் துவாரத்துக்குள்ளும் விரலால் தடவுவது நம் வீடுகளில் எல்லா வயதினருக்கும் நடக்கிறது. பெரியவர்களுக்கே அது வேண்டாம். குழந்தைக்கு ஒருபோதும் வேண்டாம்.

இதைவிட எனக்குப் பயம் தருவது, உள்ளே போகும் கற்பூரம். தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து, பூஜைக் கற்பூரத்தை உருக்கி நெஞ்சில் தேய்க்கிறீர்கள். மீதிக் கற்பூரம் சாமி மாடத்தில் இருக்கும். தாராவியில் ஒரே அறை கொண்ட கோலியில் சாமி மாடமும் அடுப்பும் குழந்தையின் படுக்கையும் கைக்கெட்டும் தூரத்தில்தான். வெள்ளையாக, சின்னதாக, மிட்டாய் போல இருக்கும் வில்லையைக் குழந்தை வாயில் போடாமல் என்ன செய்யும்? ஒரு கிராம் கற்பூரம் உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு உயிராபத்து. சில நிமிடங்களில் வலிப்பு வந்துவிடும், காய்ச்சல் வலிப்பென்று நினைத்து நேரத்தைக் கழித்துவிடுவோம். கந்தபூரத் தைலம் இன்னும் கொடியது. கலப்பில்லாத அந்த எண்ணெயில் ஒரு டீஸ்பூன் என்பது இருபதுக்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். முழங்கால் வலிக்கு வாங்கிய சீசாவை மூடாமல் கட்டிலடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகாதீர்கள்.

ஆவி பிடிப்பதையும் சொல்லிவிடுகிறேன். கொதிக்கும் பாத்திரத்தைத் தரையில் வைத்து, தைலம் போட்டு, போர்வைக்குள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிப்பவர்கள் உண்டு. குழந்தை திமிறினால் பாத்திரம் சாயும். ஜலதோஷம் ஏழு நாளில் போய்விடும், வெந்த தழும்பு போகாது. குழந்தைக்கு ஆவியே வேண்டாம். மூக்கில் இரண்டு சொட்டு உப்புநீர் போதும், மெடிக்கலில் சலைன் சொட்டு என்று கேட்டால் தருவார்கள்.

இனி வயிற்றுக்கு வருவோம். க்ரைப் வாட்டர் சீசாவில் இரண்டு கைகளிலும் பாம்பைப் பிடித்த குழந்தைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். என் அத்தை அதைக் கண்ணன் என்றே நம்பிக் கும்பிடுவார். அது கிரேக்கக் கதையின் ஹெர்குலிஸ். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்டு 1851-ல் இதைச் செய்தார். சதுப்பு நிலக் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்குக் கொடுத்த ஒரு மருந்திலிருந்து பிறந்தது. சோடா உப்பு, சதகுப்பை எண்ணெய், சர்க்கரை, அதோடு ஆல்கஹால் 3.6 சதவீதம். நம்மில் பலர் பால்குடி வயதிலேயே மதுவைக் குடித்து வளர்ந்தவர்கள்தான். பின்னாளில் ஆல்கஹாலை எடுத்துவிட்டார்கள், இன்று கடையில் இருப்பதில் அது இல்லை. ஆனால் மூன்று தலைமுறைப் பெண்கள் வரிசையாக நின்று "அதைக் கொடு" என்று சொல்லும் அந்த விளம்பரம் நம் மனதிலிருந்து போகவில்லை.

பச்சைக் குழந்தை அழுவதற்குக் காரணம் பெரும்பாலும் வயிற்றில் நோய் இல்லை. பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி, ஆறாம் வாரம் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும் அழுகை அது. இனிப்பு நாக்கில் பட்டால் குழந்தை கொஞ்ச நேரம் வாய் மூடும், அது சர்க்கரையின் குணம். மூன்றாம் மாதத்தில் அழுகை நின்றதும் சீசாவுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வெறும் தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது க்ரைப் வாட்டருக்கும் பொருந்தும். ஏனென்றால் மும்பையில் மழைக்காலத்தில் ஒரு ஸ்பூன், ஒரு மூடி, ஒரு சீசா எல்லாமே கிருமி வரும் வழிதான். சீசாவைத் திறக்கும் நேரத்தில் பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டுங்கள். அதை உங்களைப் போலச் செய்ய யாருக்கும் தெரியாது.

உரை மருந்தைப் பற்றி எழுதினால் சிலர் கோபப்படுவீர்கள் என்று தெரியும். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு. கல்லில் தாய்ப்பால் விட்டு ஒவ்வொன்றையும் இத்தனை உரை என்று எண்ணிக் கொடுப்பது நம் பெண்களின் கல்வி. சால் குடியிருப்பில் பக்கத்துக் கோலியில் இருக்கும் மராட்டிப் பாட்டியும் அதே வசம்பை வேகண்ட் என்று சொல்லி, பாள்குட்டி என்று உரைத்துக் கொடுப்பார். கொங்கணமும் திருநெல்வேலியும் ஒரே சுவருக்கு இருபக்கமும் ஒரே மருந்தை உரைக்கின்றன. அதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்ததுண்டு. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். வசம்பில் ஆசரோன் என்ற பொருள் இருக்கிறது. அது எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் தரும், குழந்தை அடங்கித் தூங்குவதை நாம் குணம் என்று எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் உரை கணக்காக இருந்தது. இப்போது பொடியாகவே பாக்கெட்டில் வருகிறது, கணக்கு யார் கையில் என்று தெரியாது. கைக்குழந்தைக்கு இதைக் கொடுக்காதீர்கள். சுக்கு, மிளகு, ஓமத் தண்ணீர், தீபாவளி லேகியம் எல்லாம் உங்களுக்கும் எனக்கும் இருக்கட்டும். தீபாவளிக்கு முன்னால் லேகியப் பொடி கேட்டு மாட்டுங்கா மார்க்கெட்டில் நிற்கும் கூட்டத்தில் நானும் உண்டு. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இருமலென்றால் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம், சிரப்புக்குக் குறையாத பலன் அதில் கிடைக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. சேனை வைப்பதற்கும் கூடாது.

வயிற்றுப்போக்கு விஷயத்தில் மட்டும் பழைய மருந்து எதையும் நம்பாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஜூன் மாதம் குழாயில் கலங்கல் தண்ணீர் வந்தால் தாராவியில் எந்தச் சந்தில் எத்தனை குழந்தை படுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். போக்கை நிறுத்துவது அவசரமில்லை. உடம்பிலிருந்து போன தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தருவதுதான் உயிரைக் காக்கும். 1971-ல் வங்காள எல்லையில், பன்காவ் அகதி முகாமில், காலரா வந்து ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலானபிஸ் என்ற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் நீரில் கலந்து டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். அதைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்களும் உறவினர்களும்தான். செத்திருக்க வேண்டியவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நம் நாட்டில் பிறந்த மருத்துவ அறிவில் இதைவிடப் பெரியதாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மாநகராட்சியின் சுகாதார மையத்தில் இலவசம், ஜிங்க் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். எந்தப் பாக்கெட்டுக்கு எத்தனை தண்ணீர் என்று அதிலேயே போட்டிருக்கும், சிலதற்கு ஒரு லிட்டர், சின்னதற்கு 200 மில்லி. அதைக் குறைத்தாலும் கூட்டினாலும் பலனில்லை. நடுராத்திரியில் பாக்கெட் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இன்னொன்று. ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பெரிதாகப் போட்டு, உள்ளே சர்க்கரை ஜூஸை அடைத்து விற்றுவந்தார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டு போராடியதன் பலனாக, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் போடுவதற்குத் தடை விதித்தது. அதிக சர்க்கரை போக்கைக் கூட்டும். அட்டைப் பெட்டி ஜூஸை யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

பாட்டி வைத்தியம் ஆபத்து, இங்கிலீஷ் மருந்து கொடுங்கள் என்பதா நான் சொல்வது? இல்லை. அதே 2025-ல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கோல்ட்ரிஃப் என்ற அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது, அனுமதி 0.1 சதவீதம். இந்தப் பெயர் மும்பைக்குப் புதிதல்ல. 1986-ல் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கிளிசரினில் இதே நஞ்சு கலந்து 14 பேர் இறந்தார்கள். நீதிபதி லென்டின் ஆணையம் ஆஸ்பத்திரி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அமைச்சகம் என்று எல்லா மட்டத்தையும் விசாரித்துக் கடுமையாக எழுதியது. அதற்குப் பிறகும் ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து அதே நஞ்சு குழந்தைகளின் வாய்க்குப் போயிருக்கிறது. இதை எழுதும்போது கோபத்தில் கை நடுங்குகிறது. சளிக்காகக் கடைக்காரர் எடுத்து நீட்டும் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலந்த சிரப்பை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துத் துறை உத்தரவிட்டது. லேபிளில் அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பேத்தியைப் படிக்கச் சொல்லுங்கள்.

செம்பூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் இருமல் பாதி காற்றிலிருந்து வருவது. மாஹுலின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் தேவ்னார் குப்பைமேட்டுக்கும் நடுவில் இருக்கிறோம். 2016 ஜனவரியில் அந்தக் குப்பைமேடு எரிந்து பள்ளிகளை மூடியது நினைவிருக்கும். மாதக்கணக்கில் வராந்தாவில் இருமிக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து, ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

அரசு பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். இத்தகைய மருந்துகள் இஷ்டத்துக்கு விற்கப்படுவதைப் பற்றி 1931-லேயே அரசு அமைத்த சோப்ரா குழு எழுதியது. அதன் விளைவாக 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. 1954-ல் பொய் விளம்பரத்துக்கு எதிராக இன்னொரு சட்டம் வந்தது. ஆனால் ஆயுர்வேத மருந்தை விற்கக் கடைக்கு உரிமமே தேவையில்லை. இந்தியாவில் விக்ஸும் ஆயுர்வேத மருந்தாகத்தான் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் நைன்ட்டி ஃபீட் ரோட்டில் பான் கடையிலும் மளிகைக் கடையிலும் இவை சரம் சரமாகத் தொங்குகின்றன. உங்கள் பேரனுக்கு என்ன வயசு என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டப்பாக்களை மூடி, குழந்தை ஏற முடியாத பரணில் வையுங்கள். சாமிக் கற்பூரத்தையும் அப்படியே. ஏதாவது உள்ளே போய்விட்டதென்று சந்தேகம் வந்தால், வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் பாலும் புகட்டாதீர்கள். வலிப்பு வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். தாராவி, மாட்டுங்காக்காரர்கள் சயான் ஆஸ்பத்திரிக்கு, செம்பூர்க்காரர்கள் காட்கோபரின் ராஜாவாடிக்கு, பரேலுக்கு அருகில் இருப்பவர்கள் வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மகனுக்குப் போன் செய்வதை ஆட்டோவில் ஏறிய பிறகு செய்யலாம். குடித்த சீசா காலியாக இருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள். என்ன, எவ்வளவு, எப்போது என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
செம்பூர்